மருந்துப் பெட்டியை மூடிவைத்த ஆளுநர்: டாக்டர் பட்டாபி சீதாராமய்யா



விடுதலைப் போராட்ட வரலாற்றைப் பள்ளியில் படித்தவர்களுக்கு டாக்டர் பட்டாபி சீதாராமய்யா என்ற பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் எதிர்ப்பட்டிருக்கும். 1939-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸிடம் தோற்றவர் என்ற அளவில் அவரைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். நாகபுரியில் வாழும் நமக்கு அவர் அவ்வளவு தொலைவில் உள்ளவர் அல்லர். இந்த நகரம் மத்தியப் பிரதேசத்தின் தலைநகராக இருந்த காலத்தில், நான்காண்டுகளுக்கு மேல் இங்குள்ள ஆளுநர் மாளிகையில் இருந்தவர் அவர். படிப்பால் மருத்துவர், தாய்மொழியால் தெலுங்கர், பதவியால் இந்தியும் மராத்தியும் பேசிய ஒரு பெரிய மாநிலத்தின் ஆளுநர்.

நான் ரயில்வேயில் பாதைப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். பொறியியல் டிப்ளமோ படித்தவன். ஆனால் மாநில எல்லைகள் மாறியதையும், அதனால் மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் இந்த ஊரில் வேலை பார்த்தவன் கேட்காமல் இருக்க முடியாது. அந்த ஆர்வத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை நமது சங்க இதழின் வாசகர்களுக்கும், ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

1. படிப்பும் தொழிலும்

போகராஜு பட்டாபி சீதாராமய்யா 1880 நவம்பர் 24 அன்று குண்டுகொலனு என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர் அது. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பிறகு மருத்துவம் படித்து எம்.பி.,சி.எம். பட்டம் பெற்றார். அந்நாளில் மருத்துவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் சேர்த்து வழங்கிய பட்டம் அது. ஆக, பிற்காலத்தில் சென்னை நகரம் யாருக்கு என்ற வழக்கு எழுந்தபோது, அந்த நகரத்தை வெறும் வரைபடத்தில் மட்டும் பார்த்தவராக அவர் இருக்கவில்லை. படித்து ஆளான நகரம் அது.

பட்டம் பெற்ற பின் மசூலிப்பட்டினத்தில் மருத்துவத் தொழில் தொடங்கினார். தெலுங்கில் மச்சிலிப்பட்டணம் என்றும், பேச்சில் பந்தர் என்றும் சொல்கிற கடற்கரை ஊர் அது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது விஜயவாடாவில் வண்டி நிற்கிறதல்லவா, அங்கிருந்து குடிவாடா வழியாகக் கிழக்கே பிரிந்து போகும் கிளைப் பாதையின் கடைசி நிலையம். தொழில் நன்றாகவே நடந்தது. நல்ல வருமானம் வந்தது. ஆயினும் சுமார் பத்தாண்டுகளுக்குப் பின், 1916-ல், மருத்துவத் தொழிலை அடியோடு விட்டுவிட்டுப் பொதுவாழ்வில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 36 கூட நிறைந்திருக்கவில்லை.

2. தொழிலை விட்டவர் செய்த வேலைகள்

தேசத் தொண்டுக்காகத் தொழிலை விட்டவர்கள் அந்தக் காலத்தில் பலர். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தை விட்டார்கள், மாணவர்கள் கல்லூரியை விட்டார்கள். பட்டாபியிடம் நான் சிறப்பாகக் காண்பது வேறொன்று. மேடையில் பேசுவதோடு நில்லாமல், நாள்தோறும் கணக்கு எழுதி நடத்த வேண்டிய நிறுவனங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்கினார்.

தொழிலில் இருந்தபோதே, 1910-ல், கோபல்லெ ஹனுமந்தராவ், முட்னூரி கிருஷ்ணராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து மசூலிப்பட்டினத்தில் ஆந்திர ஜாதீய கலாசாலை என்ற தேசியக் கல்வி நிலையத்தை அமைத்தார். பாடத்தோடு கைத்தொழிலும் கற்பித்த பள்ளி அது. தேசியக் கொடியை வடிவமைத்தவராகப் போற்றப்படும் பிங்கலி வெங்கையாவும் அங்கே ஆசிரியராக இருந்தவர். 1915-ல் கிருஷ்ணா மாவட்டத்தில் கூட்டுறவு மத்திய வங்கி ஏற்பட்டது. அதிலும் பட்டாபியின் பங்கு பெரிது. 1919-ல் ‘ஜன்மபூமி’ என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கினார்.

1923-ல் ஆந்திரா வங்கி பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 20 அன்று பதிவாகி, 28 அன்று வேலையைத் தொடங்கியது. அனுமதிக்கப்பட்ட மூலதனம் 10 லட்சம் ரூபாய். செலுத்தப்பட்ட மூலதனம் 1 லட்சம் ரூபாய். இன்றைக்கு ஒரு லட்சம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த வட்டாரத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பெசவாடாவில் கிருஷ்ணா நதிக்குக் குறுக்கே 1855-ல் அணைக்கட்டு முடிந்தபின் டெல்டா முழுவதும் நெல் விளைந்தது. வயலில் தண்ணீர் இருந்தது, களத்தில் நெல் இருந்தது. கையில் ரொக்கம் வேண்டுமென்றால் மட்டும் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். நோய் என்னவென்று மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 1925-ல் ஆந்திரா இன்ஷூரன்ஸ் நிறுவனமும் அதே ஊரில் அவர் முயற்சியால் உண்டாயிற்று.

இந்த வங்கி 1980 ஏப்ரலில் நாட்டுடைமையாயிற்று. 2020 ஏப்ரல் 1 அன்று யூனியன் பாங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. நூறாண்டை எட்ட மூன்றரை ஆண்டு இருக்கையில் பெயர் மறைந்தது. எனினும் ஒரு மருத்துவர் சிறுநகரில் ஒரு லட்சத்தில் தொடங்கிய வங்கி தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்கு மேல் தன் பெயரோடு நடந்தது என்பது எளிய செய்தி அன்று.

3. மொழிவழி மாகாணம் என்ற எண்ணம்

பட்டாபியின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்த கொள்கை, மொழிவழியாக மாகாணங்கள் அமைய வேண்டும் என்பது. அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழியினரும் ஒரே நிருவாகத்தில் இருந்தனர். 1913-ல் பாபட்லாவில் முதல் ஆந்திர மகாசபை கூடியது. அரசாங்கம் மாகாணத்தைப் பிரிப்பதற்கு முன் காங்கிரஸ் கட்சியாவது தனக்குள் பிரித்துக்கொள்ளட்டும் என்று பட்டாபி முதலானோர் வாதாடினர். அதன் பயனாக 1918-ல் ஆந்திரத்துக்குத் தனிக் காங்கிரஸ் கமிட்டி ஏற்பட்டது.

இந்தக் கொள்கையைக் காங்கிரஸ் நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது நம்முடைய நாகபுரியில்தான். 1920 டிசம்பரில் இங்கு நடந்த மாநாட்டில் புதிய அமைப்பு விதிகள் நிறைவேறின. அவற்றின்படி மாகாணக் கமிட்டிகள் மொழி அடிப்படையில் அமைந்தன. அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார் என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

4. திரிபுரியும் அகமதுநகரும்

1939 காங்கிரஸ் மாநாடு ஜபல்பூருக்கு அருகில் உள்ள திரிபுரியில் நடப்பதாக இருந்தது. தலைவர் பதவிக்குப் போஸ் மீண்டும் நின்றார். மௌலானா ஆசாத் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளவே, பட்டாபி வேட்பாளரானார். ஜனவரி 29 அன்று நடந்த வாக்கெடுப்பில் போஸுக்கு 1,580 வாக்குகளும் பட்டாபிக்கு 1,377 வாக்குகளும் கிடைத்தன. அந்தத் தோல்வி பட்டாபியினுடையது என்பதைவிடத் தம்முடையது என்னும் பொருள்படக் காந்தியடிகள் அறிக்கை விட்டார். அதன்பின் எழுந்த பிளவில் போஸ் ஏப்ரல் மாதம் பதவி விலகினார்.

காந்தியடிகளின் அந்த அறிக்கையால் பட்டாபியின் பெயர் நாடெங்கும் தெரிந்தது; அவர் செய்த வேலைகள் பின்னால் மறைந்துபோயின. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1935-ல், காங்கிரஸின் பொன்விழாவுக்காக அதன் ஐம்பதாண்டு வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர் இவரே என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

1942-ல் வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தைத் தொடர்ந்து காரியக் கமிட்டியினர் கைதாகி அகமதுநகர் கோட்டையில் வைக்கப்பட்டனர். நேரு, படேல், ஆசாத், பந்த், கிருபளானி, ஆசார்ய நரேந்திர தேவ் முதலிய பன்னிருவரில் பட்டாபியும் ஒருவர். நேரு ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ எழுதிய அதே மதில்களுக்குள் பட்டாபி நாட்குறிப்பு எழுதினார். அது பின்னர் ‘ஃபெதர்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்’ என்ற நூலாயிற்று.

5. மூவர் குழு

1948-ல் புருஷோத்தம தாஸ் டண்டனைத் தேர்தலில் வென்று பட்டாபி காங்கிரஸ் தலைவரானார். டிசம்பரில் ஜெய்ப்பூர் மாநாடு. அப்போதுதான் அவருக்கு வாழ்நாளின் பெரிய சோதனை வந்தது.

மொழிவழி மாகாணங்கள் இப்போது வேண்டாம் என்று தார் கமிஷன் சொல்லியிருந்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்கக் காங்கிரஸ் ஒரு குழுவை அமைத்தது. ஜவாஹர்லால், வல்லபாய், பட்டாபி ஆகிய மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜே.வி.பி. குழு என்று அதை அழைத்தார்கள். 1949 ஏப்ரலில் வந்த அறிக்கை, நாட்டின் ஒற்றுமையும் பாதுகாப்பும் முதலில் என்றது. மொழிவழிப் பிரிவினையைச் சில காலம் தள்ளிவைக்கலாம் என்றது. ஆந்திரத்துக்கு மட்டும் ஒரு வழி விட்டது. சென்னை நகரத்தின் மீதுள்ள உரிமைக் கோரிக்கையை விட்டுவிட்டால் ஆந்திர மாகாணம் அமையலாம் என்பதே அது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆந்திர மாகாணம் கேட்டவர், அதைத் தள்ளிப்போடும் தாளில் கையெழுத்திட்டார். சென்னையை விடு என்று சொந்த மக்களுக்கே சொல்லும் வாக்கியத்தின் கீழும் அவர் கையெழுத்து இருந்தது. தெலுங்கர் பலருக்கு அது கசந்தது. தமிழர்களாகிய நமக்கு அந்த வாக்கியம் இனிக்கும். ஆனால் அதை எழுதியவரின் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை விளங்கும்.

அவர் செய்தது சரியா? தள்ளிவைக்கக் காரணங்கள் இருந்தன. பிரிவினையின் அகதிகள் வந்துகொண்டிருந்தனர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை இணைக்கும் வேலை முடியவில்லை. அரசியலமைப்புச் சட்டமே எழுதி முடியவில்லை. காய்ச்சல் தணியும்வரை அறுவையைத் தள்ளிவைப்பது மருத்துவ முறைதான்.

ஆனால் என் தொழில் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாதையில் பழுது இருந்தால் அங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டுமாறு டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுப்போம். கட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு பலகை நடுவோம். எங்கே முடிகிறது என்பதற்கு ‘டி’ எழுத்துப் பலகை நடுவோம். முடிவுப் பலகை இல்லாவிட்டால் டிரைவர் எவ்வளவு தூரம்தான் ஊர்ந்து போவார்? மூவர் குழுவின் அறிக்கையில் முடிவுப் பலகை இல்லை. எப்போது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பொறுமையிழந்த மக்களிடம் நாள் குறிக்காமல் பொறு என்று சொன்னதுதான் அதன் குறை என்பது என் கருத்து.

அந்தக் குறைக்கு விலை கொடுத்தவர் பொட்டி ஸ்ரீராமுலு. 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கி, 58-ஆம் நாளான டிசம்பர் 15 இரவு அவர் உயிர் நீத்தார். நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது பிறந்தது. சென்னை தமிழருக்கே நின்றது.

6. நாகபுரியில் ஆளுநர்

இத்தனையும் நடந்தபோது பட்டாபி எங்கே இருந்தார்? 1952 ஜூலை 2 அன்று, 71-ஆம் வயதில், மத்தியப் பிரதேச ஆளுநராகப் பொறுப்பேற்று நாகபுரியில் இருந்தார்.

பிள்ளைகளுக்காக இங்கே ஒரு விளக்கம். முதலமைச்சர் சட்டமன்றப் பெரும்பான்மையால் வருகிறவர். ஆளுநரோ குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறவர். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பதே அவருடைய பொதுவான கடமை. கட்சி அரசியல் பேசக் கூடாது. எனவே தாம் நாற்பதாண்டு பாடுபட்ட ஆந்திரம் பிறந்த வேளையில், அதற்காகப் பேசும் மேடையில் அவர் இல்லை. வேறு மொழி பேசும் மக்களின் நடுவே, மரபு கட்டிப்போட்ட பதவியில் இருந்தார்.

பிறகு அவர் காலத்திலேயே அவர் மாநிலத்துக்கும் மொழிவாரிப் பிரிவினை வந்தது. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை தந்தது. விதர்ப்பா தனி மாநிலமாக அமையலாம் என்றும் அது பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று நாகபுரி, வார்தா, பண்டாரா, சாந்தா, அகோலா, அமராவதி, புல்டானா, யவத்மால் என்னும் மராத்தி மொழி மாவட்டங்கள் எட்டும் பம்பாய் மாநிலத்துக்குப் போயின. மத்திய பாரத், விந்தியப் பிரதேசம், போபால் ஆகியவை இந்தி மாவட்டங்களோடு சேர்ந்து புதிய மத்தியப் பிரதேசமாயின. தலைநகர் போபாலுக்கும் உயர்நீதிமன்றம் ஜபல்பூருக்கும் மாறின. நாகபுரி ஒரே நாளில் தலைநகர் என்ற தகுதியை இழந்தது.

76 வயதை நெருங்கிய பட்டாபி போபாலின் லால் கோட்டிக்குக் குடிபெயர்ந்து, புதிய மாநிலத்தின் முதல் ஆளுநரானார். முதலமைச்சர் ரவிசங்கர் சுக்லாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். இரண்டே மாதத்தில், டிசம்பர் 31 அன்று, சுக்லா காலமானார். பகவந்தராவ் மண்டலோய் சிறிது காலம் பொறுப்பு வகித்தபின், 1957 ஜனவரி 31 அன்று கைலாஷ்நாத் காட்ஜு முதலமைச்சரானார். நான்கு நிருவாகங்களை ஒன்றாக்க வேண்டிய வேளையில் மூன்று முதலமைச்சர்கள். ஆளுநர் ஒருவரே மாறாமல் இருந்தார்.

1957 ஜூன் 13 வரை பதவியில் இருந்த பட்டாபி, 1959 டிசம்பர் 17 அன்று காலமானார். அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர் எச்.வி. படாஸ்கர். சென்னைக்கும் ஆந்திரத்துக்கும் இருந்த எல்லை வழக்கில் நடுவராக இருந்தவர் இவரே. அவர் தீர்ப்பின் அடிப்படையில்தான் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. அவர்களின் வடக்கெல்லைப் போராட்டத்தை அறிந்தவர்கள் இந்தத் தொடர்பைக் கண்டு வியப்பார்கள்.

7. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள்

மொழிவழி மாநிலம் அமைந்ததால் நன்மையே மிகுதி. மக்கள் தங்கள் மொழியில் மனு எழுத, வழக்காட, பள்ளியில் படிக்க வழி பிறந்தது. ஆனால் எந்த இடத்தில் கோடு போட்டாலும் சிலர் கோட்டுக்கு மறுபக்கம் நின்றுபோவார்கள். பிழைப்புக்காகக் கோட்டைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. நாம் இரண்டாம் வகை.

இதை அன்றைய சட்டம் மறக்கவில்லை. மாநிலங்களைச் சீரமைத்த அதே 1956-ஆம் ஆண்டில், ஏழாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் 350ஏ, 350பி என்ற இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது முதலாவது. அவர்களுக்கான பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரத் தனி அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது இரண்டாவது. நமது ஞாயிறு வகுப்புக்கு இடம் கேட்கும்போதும், பள்ளியில் தமிழுக்கு வாய்ப்புக் கேட்கும்போதும் நாம் சலுகை கேட்கவில்லை. 1956-ல் நாடு ஒப்புக்கொண்ட ஒன்றையே நினைவூட்டுகிறோம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டாபியின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. தன் மொழிக்காக உழைப்பவர் பிற மொழியாரின் நடுவிலும் மதிப்போடு வாழவும் பொறுப்பு வகிக்கவும் முடியும். ஒன்று மற்றதற்குப் பகையன்று. அடுத்தது, மேடைப் பேச்சும் தேர்தல் வெற்றி தோல்வியும் காலத்தோடு போய்விடும். பத்துப் பேர் கூடி ஒழுங்காகக் கணக்கெழுதி நடத்தும் அமைப்பு நிற்கும். அது வங்கியானாலும் சரி, தமிழ்ச் சங்கமானாலும் சரி.

மாணவர்கள் சிந்திக்க:

1. நாகபுரியில் 1920-ல் எடுத்த முடிவுக்கும் 1956-ல் நாகபுரி தலைநகர் தகுதியை இழந்ததற்கும் உள்ள தொடர்பு என்ன?

2. மூவர் குழுவில் நீங்கள் இருந்திருந்தால் கையெழுத்திட்டிருப்பீர்களா? காரணம் கூறுக.

3. உங்கள் பள்ளியில் எத்தனை தாய்மொழிகள் பேசும் மாணவர்கள் படிக்கிறார்கள்? கேட்டு எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவருக.